அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

1

போன வாரம் தபாலில் ஓர் அழைப்பிதழ் வந்தது. கெட்டி அட்டை, சாம்பல் நிறம், எழுத்து அதைவிடச் சாம்பல். ஜன்னலோரம் போய்ச் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிந்தது. இந்த நாட்டில் கலை சம்பந்தப்பட்ட எதையும் ஜனங்கள் சுலபமாகப் படிக்கிற மாதிரி அச்சடிக்க மாட்டார்கள். அப்படி அடித்துவிட்டால் அது மளிகைக்கடை நோட்டீஸ் ஆகிவிடுமாம்.

விஷயம் இதுதான். 'பதினோரு நிமிடங்கள்' என்ற ஒலிப் படைப்புக்குப் பெரிய பரிசு ஒன்று கிடைத்திருக்கிறது. மனித உரிமைக்காகக் காதைத் தீட்டியவர் என்று அந்தக் கலைஞரைப் பாராட்டி நாலு வரி. விழாவுக்கு நான் அவசியம் வர வேண்டுமாம். 'படைப்பின் தமிழ்க் குரல்' நான்தானாம். படித்துவிட்டு அட்டையைக் காகிதக் குப்பைக்கான நீலத் தொட்டியில் போட்டேன். உறையில் பிளாஸ்டிக் ஜன்னல் ஒன்று இருந்தது, அதைக் கிழித்து மஞ்சள் தொட்டியில் போட்டேன். இருபத்தேழு வருஷமாக ஜெர்மனியில் இருக்கிறேன். எவ்வளவு கோபம் வந்தாலும் குப்பையைப் பிரித்துத்தான் போடுவேன். அந்தப் புத்தி என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விழா நடக்கிற நாளுக்கு மறுநாள் பம்மலில் முருகனுக்கு இரண்டாவது வருஷத் தெவசம். முருகன் யார் என்று அழைப்பிதழில் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பதினோரு நிமிடங்கள் அவனுடையவை.

2

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றவர்களைத் திட்ட வசதியாக இருக்கும். இரும்புலியூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் மனைகளாகி, மனைகளெல்லாம் வீடுகளாகி, மிச்சமிருந்த முன்பக்கத் துண்டில் அண்ணன் சேகர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். பெயின்ட், பைப், பாத்ரூம் குழாய். நான் கல்யாணம் செய்துகொண்டு கொலோன் நகரத்துக்கு வந்தேன். அந்தக் கல்யாணம் பத்து வருஷம் ஓடியது. அவர் இப்போது வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார். நானும் சௌக்கியம்.

பிழைப்பு, மொழிபெயர்ப்பு. நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்து முத்திரை வாங்கியவள். ஆஸ்பத்திரி, அகதி விசாரணை, விவாகரத்து, பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கடித்த வழக்கு, எல்லாவற்றிலும் நடுவில் உட்கார்ந்து பேசுவேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஈழத்தவர்கள். 'நீங்கள் சினிமாக்காரர் மாதிரிக் கதைக்கிறியள்' என்று ஆரம்பத்தில் சிரிப்பார்கள், பிறகு அழுவார்கள். நான் அழக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது, ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ கூடாது. அது விதி. விதி என்றால் எனக்கு வேதம்.

ஒரே ஒரு தடவை முரண்டு பிடித்தேன். அகதி அலுவலகத்தில் ஓர் ஒலிப்பதிவைக் கொடுத்து, பேசுகிறவன் நிஜமாகவே யாழ்ப்பாணத்துக்காரனா, இல்லை தமிழ்நாட்டிலிருந்து வந்து நடிக்கிறானா, உச்சரிப்பை வைத்துச் சொல்லுங்கள் என்றார்கள். முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். சின்ன வயசிலிருந்து முகாம் முகாமாக அலைந்தவன் யார் யாரோடோ பேசியிருப்பான், அவன் நாக்கை அளந்து ஊரைச் சொல்ல நான் யார் என்று கேட்டேன். அந்தக் கடிதத்தைப் பற்றி ஐம்பது பேரிடமாவது பெருமை அடித்திருப்பேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் காதுக்காரர் என்னைத் தேடி வந்தார்.

3

காதுக்காரர் என்பது நான் மனசுக்குள் வைத்த பெயர். நிஜப் பெயரைச் சொல்லப் போவதில்லை, விளம்பரத்துக்கு அவர் என்னை நம்பி இல்லை. அவருடைய தொழில் இது: எங்காவது அநியாயம் நடந்தால், பார்த்தவர்களை விட்டுவிட்டு, கேட்டவர்களைத் தேடிப் போவார். கண்ணைக் கட்டிச் சிறையில் போடப்பட்டவன், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவள், இப்படி. அவர்கள் கேட்டதை விசாரித்து, அந்தச் சத்தத்தை மறுபடி உண்டாக்கி, கண்காட்சியில் வைப்பார். யோசனையைக் குறை சொல்ல மாட்டேன். 'கண்ணைக் கட்டலாம், காதை எப்படிக் கட்டுவார்கள்?' என்று அவர் கேட்டபோது எனக்கே புல்லரித்தது.

மனிதரைப் பார்த்த பிறகு அந்தப் புல்லரிப்பு அடங்கிவிட்டது. அவ்வளவு மெதுவாகப் பேசுவார். நாம் குனிந்து, காதைக் கொண்டுபோய் அவர் வாயருகே வைக்க வேண்டும். இது பழக்கமில்லை, பந்தா என்று புரிய எனக்கு இரண்டு சந்திப்பு தேவைப்பட்டது. காபிக் கடையில் பால் தீர்ந்துபோனபோது அவர் குரல் நாலு மேஜை தாண்டிக் கேட்டது. 'உங்கள் மொழியில் மௌனத்துக்கு எத்தனை சொற்கள்?' என்று ஒருநாள் கேட்டார். எண்ணிப் பார்த்ததில்லை என்றேன். அதையும் ஒரு சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

என் மகள் மதுவுக்கு அவர் தெய்வம். அவளுக்கு இருபத்திரண்டு வயது, கலைக் கல்லூரியில் ஒலி படிக்கிறாள். 'சத்தம் படிக்க ஒரு காலேஜா? தாம்பரம் மார்க்கெட்ல வந்து நிக்கச் சொல்லு, ஃப்ரீயா படிச்சிட்டுப் போகட்டும்' என்றான் அண்ணன். அவளிடம் நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். காதுக்காரரைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் போதும், வந்துவிடும். 'அம்மா, உனக்கு ஆர்ட் புரியாது. நீ எல்லாத்தையும் அப்படியே அர்த்தம் பண்ணிக்கிற' என்பாள். அதற்குத்தானடி எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பேன்.

4

வள்ளி பம்மலில் மீன் விற்கிறவர். கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து பம்மலில் வாழ்க்கைப்பட்டவர். தம்பி முருகன் அதே தெருவில் குடியிருந்து, பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினான். யாரோ ஒரு பயணியின் நகைப்பை காணாமல் போனதென்று ஒரு காலையில் அவனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போனார்கள். எந்த நிலையம் என்று எழுத மாட்டேன், விசாரணை நடக்கிறது. சென்னைக்குத் தெற்கே ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானம் முருகனின் போனிலிருந்து வள்ளிக்கு அழைப்பு வந்தது. எடுத்தால் அவன் பேசவில்லை. பேன்ட் பையிலிருந்த போனை எப்படியோ தட்டிவிட்டிருக்கிறான். உள்ளே நடந்ததெல்லாம் பதினோரு நிமிடம் வள்ளியின் காதில் விழுந்தது. பிறகு யாரோ போனைக் கண்டுபிடித்து அணைத்துவிட்டார்கள்.

'நான் ஹலோ ஹலோன்னு கத்திகினே கீறேன் அக்கா. அவனுக்குக் கேக்கல. அவன் கத்தறது எனக்குக் கேக்குது. எதிர்ல ஒரு அம்மா நின்னுகினு, சங்கரா மீனுக்குக் கீறல் போட்டுக் குடு, கீறல் போட்டுக் குடுன்றாங்க. கையில கத்தி. நான் இன்னா செய்வேன்? கீறல் போட்டுக் குடுத்தேன்.'

மறுநாள் முருகன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். நெஞ்சுவலி என்றார்கள். முப்பத்திரண்டு வயது. வள்ளியின் போனில் வருகிற அழைப்பெல்லாம் தானாகப் பதிவாகும்படி அவர் மகள் எப்போதோ அமைத்து வைத்திருந்தாள், யார் என்ன மீன் கேட்டார்கள் என்பது மறந்துபோகாமல் இருக்க. அதில் பதினோரு நிமிடமும் இருந்தது. 'யாருக்கும் அனுப்பாத, அனுப்பினா உன்னையும் தூக்கிடுவான்' என்று தெருவே பயமுறுத்தியதால், நாலு மாதம் வெளியே காட்டாமல் வைத்திருந்தார். கடைசியில் மீன் வாங்க வரும் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் சொல்லி அழுதார். அந்தப் பெண் சென்னையில் நடந்த ஒரு கலை விழாவில் தொண்டு வேலை பார்த்தவள். விழாவுக்கு விருந்தாளியாக வந்திருந்தவர் நம் காதுக்காரர். இப்படித்தான் பம்மலுக்கும் கொலோனுக்கும் பாலம் போட்டார்கள்.

பம்மலில் வள்ளியின் வீட்டில் அவர்கள் உட்கார்ந்திருக்க, நான் இங்கே என் சமையலறையிலிருந்து வீடியோவில் மொழிபெயர்த்தேன். தலைக்கு மேலே விமானம் இறங்குகிற சத்தம் வந்தபோதெல்லாம் காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய உதவியாளர் ஒயரைச் செருகி வள்ளியின் போனிலிருந்து பதிவைப் பிரதி எடுத்தார். ஒன்பது பக்க ஒப்புதல் பத்திரம் ஒன்றை நீட்டினார்கள். அதைத் தமிழாக்கியது நான். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் வள்ளிக்குப் படித்துக் காட்டினேன். 'நடுவுல இருக்கறதெல்லாம் வழக்கமா போடறதுதான் வள்ளி, கையெழுத்துப் போடுங்க' என்றேன். அடுப்பில் சாம்பார் பொங்கிக்கொண்டிருந்தது, அதுதான் உண்மை.

'அங்க பத்திரமா இருக்கும்ல அக்கா?' என்று வள்ளி கேட்டார். 'இங்க எல்லாம் ரொம்பப் பத்திரம்' என்றேன்.

5

பதிவு எனக்கு வந்து சேர்ந்தது. வார்த்தைகளைத் தமிழில் எழுதி ஜெர்மனில் பெயர்க்க வேண்டும், மற்ற சத்தங்களை விவரிக்க வேண்டும். முப்பது நாளுக்குள் என் கணினியிலிருந்து அழித்துவிட வேண்டும். இவை நிபந்தனைகள்.

அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். முருகன் அடிக்கிறவரைப் பெயர் சொல்லிக் கெஞ்சுகிறான். 'இன்னார் சார், வேணாம் சார்.' பெயர் தெளிவாகக் கேட்கிறது, ஒன்பது தடவை. ஆறாவது தடவைக்குப் பிறகு 'சார்' போய்விட்டது, 'அண்ணா' என்கிறான்.

காதுக்காரரிடம் ஒரு கொள்கை இருந்தது. யாருடைய பெயரும் வெளியே வரக் கூடாது. பெயர் வரும் இடத்திலெல்லாம் அடைப்புக்குறி போட்டு, உள்ளே 'பெயர்' என்று எழுதச் சொன்னார். அடிபட்டவனுக்கு அது மரியாதை, சரி. அடித்தவனுக்கும் அதே மரியாதையா என்று கேட்டேன். 'நான் நீதிபதி இல்லை, கேட்பவன் மட்டுமே' என்று அந்த மெல்லிய குரலில் சொன்னார். நான் என்ன செய்தேன்? அடைப்புக்குறி போட்டேன். ஒன்பது தடவையும் போட்டேன். இருபத்தொன்பதாவது நாள் பதிவை அழித்துவிட்டு, அழித்துவிட்டேன் என்று மின்னஞ்சலும் அனுப்பினேன். ஒரு நாள் முன்னதாகவே செய்ததற்கு நன்றி சொல்லிப் பதில் வந்தது.

6

படைப்பைப் போய்ப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை, இருட்டறை. தரையில் சாம்பல் நிற மெத்தைகள். படுத்துக்கொண்டு கேட்க வேண்டுமாம். முருகன் குரல் கிடையாது, அடி விழும் சத்தம் கிடையாது. 'வன்முறையை மறுபடி நிகழ்த்த மறுப்பது' என்று சுவரில் எழுதியிருந்தது. வள்ளியின் ஹலோ மட்டும் வருகிறது. மற்ற இடங்களில் நிசப்தம். நடுநடுவே ஒரு நடிகை என் மொழிபெயர்ப்பைப் படிக்கிறாள், பெயர் வரும் இடத்தில் ஒரு மூச்சு இழுத்து விடுகிறாள். அந்த மூச்சைப் பற்றி ஒரு பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். என் பக்கத்து மெத்தையில் ஒரு மனிதர் குறட்டை விட்டார். அவரை எழுப்பக் கூடாதாம், அதுவும் ஒருவகைக் கேட்டலாம்.

திறப்பு விழா அன்று உச்சக்கட்டம். காதுக்காரர் மேடையில் ஒரு கணினி வன்தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பம்மலில் எடுத்த மூலப் பதிவு அதில்தான் இருந்தது, வேறு பிரதி இல்லை. 'ஒருவருடைய வேதனையை நான் உடைமையாக வைத்திருக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் அதை அழித்தார். சும்மா அழிக்கவில்லை. வன்தட்டின் மேல் ஒலிவாங்கி பொருத்தி, அது அழிகிற கரகரப்பை ஒலிபெருக்கியில் போட்டார். இருநூறு பேர் கண்ணை மூடிக் கேட்டார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். மது அழுதுகொண்டே தட்டினாள்.

நானும் தட்டினேன். அழிக்கலாம் என்பது ஒப்புதல் பத்திரத்தில் பதினான்காம் பிரிவு. அதைத் தமிழாக்கியவள் நான்தானே. ஐந்தாம் பக்கம், நடுவில் இருந்தது.

7

எட்டு மாதம் கழித்து வள்ளி கூப்பிட்டார். அங்கே சாயங்காலம், பின்னால் பஸ் ஹாரன்.

'யக்கா, விசாரணை மறுபடி தொறந்துட்டாங்க. மாஜிஸ்ட்ரேட் விசாரிக்கிறாங்க. புது வக்கீல் ஒருத்தரு வந்துகீறாரு, நல்ல மாதிரி. அந்த ரெக்கார்டு கேக்குறாரு.'

'உங்க போன்ல இருக்கே?'

'அது ஐஸ் பொட்டில வுழுந்து பூடுச்சு. பையில போட்டு இடுப்புல செருகிகினு இருந்தேன், குனியச் சொல்ல நழுவிடுச்சு. ஐஸ்தண்ணியில ஊறிப்போச்சு. கடைக்காரன் ஒண்ணியும் எடுக்க முடியலன்ட்டான். நான் கவலையே படலக்கா. அதான் உங்க ஊர்ல கீதேன்னு புதுசு வாங்கிட்டேன்.'

அழித்தாயிற்று என்று அவரிடம் சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு மின்னஞ்சல் எழுத ஆரம்பித்தேன். முதலில் உதவியாளர்: விடுமுறையில் இருக்கிறார். பிறகு கண்காட்சிக்கூடம்: இது கலைஞரின் உரிமை சார்ந்தது. பிறகு கூடத்தின் வழக்கறிஞர்: பதினான்காம் பிரிவின்படி கோப்பு அழிக்கப்பட்டது, அதன் இன்மையே படைப்பின் மையம் என்பதால் உதவ இயலாது. சரி, வள்ளியின் போனிலிருந்து பிரதி எடுத்தோம், அதில் இன்னது கேட்டது என்று ஒரு சான்றுக் கடிதமாவது கொடுங்கள் என்றேன். வெளிநாட்டு வழக்குகளில் கலைஞர் ஈடுபடுவதில்லை என்றார்கள். அடப் பாவிகளா, வெளிநாட்டு வழக்குகளைத் தவிர அந்த ஆள் வேறு எதைத் தொட்டிருக்கிறார்?

கடைசியில் அவரே போன் செய்தார். உடைந்துபோய்விட்டதாகச் சொன்னார். இரண்டு நாளாகத் தூங்கவில்லையாம். பிறகு மெதுவாகக் கேட்டார்: 'நாம் இப்போது பேசுவதைப் பதிவு செய்துகொள்ளலாமா? இந்த இழப்பும் படைப்பின் தொடர்ச்சி என்று தோன்றுகிறது.'

தமிழில் ஒரு வார்த்தை சொன்னேன். நம் வாசகர்களுக்கு அது தெரியும், பத்திரிகையில் போட மாட்டார்கள். அவர் அதற்கு அர்த்தம் கேட்டார். முத்திரை வாங்கியவள் என்ற முறையில் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

8

பதிவு இல்லை என்று எழுதிச் சொன்ன பிறகு, வள்ளியின் வக்கீல் பிரபு என்னோடு பேசினார். சின்ன வயசு, சுற்றி வளைக்காதவர்.

'மேடம், பதிவு போயிட்டா போகட்டும். அக்கா காதால கேட்டிருக்காங்க, பேரும் சொல்றாங்க. ஆனா கூடப் பிறந்தவங்க சொன்னா, அப்படித்தான் சொல்லுவாங்கன்னு தள்ளிடுவாங்க. சம்பந்தமே இல்லாத ஒருத்தர் அந்தப் பதிவைக் கேட்டு, அதே பேரைச் சொன்னா, வாக்குமூலத்துல ஏறிடும். அப்புறம் அந்த ஆளை விசாரிக்காம மூட முடியாது. கேட்டது மொத்தம் மூணு பேர். வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது. நீங்கதான் இருக்கீங்க.'

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அண்ணனைக் கூப்பிட்டு, எந்த நிலையத்து ஆள் என்பது உட்பட எல்லாம் சொன்னேன். 

'உனக்கென்னம்மா, சொல்லிட்டு ஃப்ளைட் ஏறிடுவ. நான் மறுநாள் காலையில கடை தொறக்கணும். அந்த ஆளு நம்ம ரோட்லதான் தினமும் போறான் வரான். ஏதாவது ஒண்ணு வெச்சு என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சா நீ வருவியா?' என்றான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

மறுநாள் வள்ளி கூப்பிட்டார். மது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

'யக்கா, வக்கீல் சொன்னாரு. நீ கேட்டல்ல? பேரு வருதே, அது உனக்கு ஞாபகம் கீதா?'

'இல்ல வள்ளி. ரொம்ப நாளாச்சு. நிறைய கேஸ் பாக்கறேன் பாருங்க, எனக்கு ஞாபகம் இல்ல.'

 வள்ளி சொன்னார்: 'பரவால்லக்கா. நீ இன்னா பண்ணுவ, அவ்ளோ தூரத்துல கீற. வுடு, பாத்துக்கலாம்.'

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் வந்தது.

'ஞாபகம் இல்லையா? என் மூணாங்கிளாஸ் டீச்சரோட நாய் பேரு உனக்கு ஞாபகம் இருக்கு. அன்னைக்கு நான் கைதட்டினேன்னு இன்னைக்கு வரைக்கும் என்னைக் குத்திக் காட்டற. அவர் பண்ணது முட்டாள்தனம் அம்மா. அவருக்கு என்ன அழிக்கறோம்னே தெரியல. உனக்குத் தெரியும்.'

பெண்ணை அறையலாம் போலிருந்தது. அறையவில்லை.  எனக்குக் காதுக்காரர் மேல் இருந்த இளக்காரமெல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தில் கரைந்து, என் தட்டில் வந்து விழுந்தது. அடைப்புக்குறி போட்டது நான். நாள் தவறாமல் அழித்தது நான். அவராவது மேடையில் அழித்தார். நான் என் சமையலறையில் நின்றுகொண்டு, ஒரு மீன்காரியின் தம்பியைக் கொன்றவன் பெயரை என் வாயிலேயே அழித்தேன். வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து நானே வள்ளியைக் கூப்பிட்டேன். பொய் சொன்னேன் வள்ளி, பெயர் தெரியும் என்றேன். சொல்லட்டுமா என்று கேட்டேன்.

'எனக்கு எதுக்குக்கா சொல்ற? எனக்குத்தான் தெரியுமே' என்றார் வள்ளி. 'அங்க வந்து சொல்லு.'

9

போனேன். என் மொழிபெயர்ப்பாளர் சங்கத்துக்கு முன்கூட்டியே எழுதினேன்: பணியில் கேட்ட ரகசியம் ஒன்றைச் சாட்சியாகச் சொல்லப் போகிறேன், விதிப்படி என்ன செய்வீர்களோ செய்யுங்கள். பன்னிரண்டு வாரத்தில் பதில் வரும் என்றார்கள். வரட்டும்.

தாம்பரத்தில் மாஜிஸ்ட்ரேட் அலுவலகத்துக்கு அண்ணன்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டான்.  இறக்கிவிட்டு, வண்டியை அணைக்காமல், 'முடிஞ்சதும் போன் பண்ணு, ஆட்டோல வராத' என்றான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது, அதுவே எனக்குப் பெரிசாக இருந்தது.

வராந்தாவில் நாலைந்து பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், கட்டியிருந்த பேனா எழுதவில்லை. பெஞ்சிலிருந்த ஒருவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'இந்தாங்க மேடம்' என்று நீட்டினார். ஐம்பது வயசு இருக்கும். நெற்றியில் திருநீர்மலைப் பெருமாள் கோயில் ஸ்ரீசூர்ணம், கையில் டிபன் பை. நன்றி சொல்லி வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வள்ளி மீன் கூடையை எங்கோ விட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் தடவையாக நேரில் பார்க்கிறோம். என் கையைப் பிடித்துக்கொண்டு, தாடையால் பெஞ்சைக் காட்டினார்.

'பேனா குடுத்தான் பாரு, அவந்தான். ஸ்டேசன் ஆளுங்களையும் இன்னிக்கு வரச் சொல்லிகீறாங்க' என்றார்.

நான் ஏதோ ராட்சசனை எதிர்பார்த்து வந்திருக்கிறேன் போலிருக்கிறது. அந்த ஆள் டிபன் பையின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான்.  வந்த வழியே திரும்பிவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

சின்ன அறை. மாஜிஸ்ட்ரேட் ஒரு பெண், என்னைவிட இளையவர். ஓரத்தில் தட்டச்சு செய்கிறவர். வக்கீல் பிரபு சுவரோரம் நின்றார். மின்சாரம் போயிருந்ததால் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். என்ன தொழில், எந்த நாடு, எப்படிப் பதிவு கைக்கு வந்தது, ஏன் இப்போது இல்லை, எல்லாம் கேட்டார்கள். ஏன் இல்லை என்பதை விளக்கும்போது மாஜிஸ்ட்ரேட் நிறுத்தினார்.

'அழிச்சாங்களா? எதுக்கு?'

'கலைக்காக, மேடம்.'

தட்டச்சுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். 'அதை எப்படி மேடம் டைப் பண்றது?' என்றார். 'அழிக்கப்பட்டதுன்னு மட்டும் போடுங்க' என்றார் மாஜிஸ்ட்ரேட். அந்தப் படைப்பைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களிலேயே சிறந்தது அதுதான்.

'சரி. அந்தப் பதிவுல, அடிபடறவர் யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிடறாரா?'

'கூப்பிடறார். ஒன்பது தடவை.'

'என்ன பேரு?'

சொன்னேன். காற்றுதான் வந்தது.

'கேக்கல மேடம், சத்தமாச் சொல்லுங்க' என்றார் தட்டச்சுக்காரர்.

மூச்சை இழுத்து, எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெருக்கோடிக்குக் கூப்பிடுகிற குரலில் சொன்னேன்.

வராந்தாவில் பெஞ்சு நகர்கிற சத்தம். நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு அந்த ஆள் டிபன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

'கூப்ட்டீங்களா மேடம்?' என்றான் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்து.



'நான்தான் கூப்பிட்டேன்' என்றேன்.